அரை மில்லி விநாடிக்கு ஒரு மட்டை

டிரைவர் என்ற மட்டையின் முகமும் கோல்ஃப் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி விநாடி. ஒரு விநாடியை 2000 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி எல்லாம் அதற்குள் முடிவாகிவிடும். அடித்த அதிர்ச்சி மட்டையின் தண்டான ஷாஃப்ட் வழியே ஏறிக் கைக்கு வந்து, அங்கிருந்து மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து பல அடி தூரம் பறந்திருக்கும். அடித்த பிறகு இடுப்பை வளைத்து, தலையைச் சாய்த்து, பந்தைப் பாதைக்குக் கூப்பிடுகிறவர்களை எல்லா மைதானத்திலும் பார்க்கலாம். பாவம், அவர்கள் கூப்பிடுவது போய்விட்ட பந்தை.

திருப்பூர்ப் பக்கத்துப் பொங்கலூரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. நூற்பாலை, விசைத்தறி, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு என்று அது வேறு உலகம். ஆனால் பல்லடத்தைத் தாண்டி மேற்கே போனால் செட்டிபாளையம் வந்துவிடும். கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் அதே ஊரில்தான் கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பும் இருக்கிறது. பின்னலாடைத் தொழிலில் பையரோடு பழகப் போய் இந்த ஆட்டத்தில் விழுந்தவர்கள் உண்டு. வயது ஐம்பதைத் தொட்டதும் டாக்டர் நடக்கச் சொன்னதால் விழுந்தவர்களும் உண்டு. விழுந்த கொஞ்ச நாளில் எல்லோருக்கும் ஒரே கேள்வி வரும்: டிரைவர் எதை வாங்குவது? பையில் உள்ளவற்றிலேயே நீளமான, தலை பெரிதான, முதல் அடிக்கு எடுக்கிற மட்டை அது. பெரிய கம்பெனிகளின் புது மாடல் அரை லட்சத்தைத் தாண்டுகிறது. எனவே செகண்ட் ஹேண்ட்.

அந்த முடிவுக்கு இயற்பியல் முழு ஆதரவு தருகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். ஆனால் ஒரு நிபந்தனை. மட்டையைப் பார்க்கப் போகும் முன் உங்கள் வீச்சை நீங்கள் அளந்திருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சிறு சுற்று. ஜவுளி மண்ணில் வாழ்கிறவர்களுக்கு டிரைவர், அவர்கள் நினைப்பதைவிட நெருங்கிய உறவு.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி டிரைவரின் தலை மரத்தால் ஆனது. அமெரிக்கப் பெர்சிமன் மரம்; நம் கருங்காலியும் தும்பிலியும் சேர்ந்த டயாஸ்பைராஸ் பேரினம். கெட்டியானது, இழை நெருக்கமானது, தேயத் தேய வழவழப்பாகும். அதே குணங்களுக்காக அதே மரத்தில் தறி நாடாவும் செய்தார்கள். விசைத்தறியில் பக்கத்துக்குப் பக்கம் அடிவாங்கி ஓடும் நாடாவுக்கு வேண்டியதும் பந்தை அடிக்கும் தலைக்கு வேண்டியதும் ஒன்றுதான்: லட்சம் முறை அடிபட்டாலும் பிளக்காத மரம்.

மரத்தை முதலில் அசைத்தவர் கேரி ஆடம்ஸ். 1979-ல் டெய்லர்மேட் என்ற கம்பெனியைத் தொடங்கி, உள்ளீடற்ற எஃகுத் தலையை விற்றார். அதைப் பெரிதாக்கி உலகமெங்கும் கொண்டுபோனவர் ஈலி கேலவே. ஜார்ஜியா மாநிலத்தின் லக்ரேஞ்ச் என்ற ஆலை ஊரில் 1919-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்குத் துணிமணி கொள்முதல் செய்த அதிகாரி. பிறகு ஜவுளித் தொழிலிலேயே ஏறி, 1968-ல் பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸ் என்ற மாபெரும் துணி நிறுவனத்தின் பிரசிடென்ட் ஆனார். 1973-ல் அங்கிருந்து விலகி, கலிஃபோர்னியாவில் திராட்சை வைத்து ஒயின் விற்றார். அதையும் விற்றுவிட்டு, அறுபது வயதுக்கு மேல் ஒரு சின்ன கோல்ஃப் மட்டைக் கம்பெனியில் பணம் போட்டார். 1991-ல் அங்கிருந்து வந்ததுதான் பிக் பெர்த்தா, முதல் உலகப் போரின் ஜெர்மன் பீரங்கியின் பெயரில். அதன் தலை சுமார் 190 கன சென்டிமீட்டர். அன்றைக்கு அது பெரிய தலை. 1995-ல் டைட்டானியத்தில் 250 ஆனது. இன்றைக்குக் கடையில் நிற்பவை 460.

ஷாஃப்ட்டின் கதை இன்னும் நேரடியானது. கார்பன் இழை தனியாக வானத்திலிருந்து வருவதில்லை. ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலின் அடிப்படைப் பொருளான பாலிஅக்ரிலோநைட்ரைல் இழையை எடுத்து, முதலில் 200 முதல் 300 டிகிரி வரை காற்றில் சூடாக்கி, பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் கருக்கினால் மிஞ்சுவதே கார்பன் இழை. அதைப் பெரிய அளவில் தயாரித்த ஜப்பானின் டோரே, தோயோ ரேயான் என்ற பெயரில் 1926-ல் தொடங்கிய செயற்கைப் பட்டு ஆலை. 1970-களில் அந்தக் கருப்பு இழைக்குக் கிடைத்த முதல் பெரிய வாடிக்கையாளர்களில் மீன் பிடிக்கும் தூண்டிலும் கோல்ஃப் ஷாஃப்ட்டும் இருந்தன. விமானம் எல்லாம் பிறகுதான். எஃகு ஷாஃப்ட் 120 கிராம் அளவில் இருந்த இடத்தில் இன்று 50, 60 கிராமில் ஷாஃப்ட் நிற்கிறது என்றால், காரணம் ஒரு நூல் ஆலை.

சரி, மோதலுக்கு வருவோம். டிரைவரின் தலை சுமார் 200 கிராம். பந்து விதிப்படி 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது. 200 கிராம் நின்றுகொண்டிருக்கும் 46 கிராமை அடிக்கிறது. உந்தம் அழியாது என்ற பள்ளிக்கூட விதியையும், மோதலில் எவ்வளவு வேகம் திரும்பக் கிடைக்கிறது என்பதைச் சொல்லும் மீள்தன்மை எண்ணையும் சேர்த்தால் பந்தின் வேகம் கிடைத்துவிடும். மீள்தன்மை எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். பந்தின் எடையைத் தலையின் எடையால் வகுத்து அதோடும் ஒன்றைக் கூட்ட வேண்டும். முன்னதைப் பின்னதால் வகுத்தால், தலையின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு வேகத்தில் பந்து போகும் என்று தெரியும். மீள்தன்மை எண் 0.83 என்றால் விடை ஏறக்குறைய 1.49. தலை மணிக்கு 145 கிலோமீட்டரில் வந்தால் பந்து 216-ல் கிளம்பும். நடைமுறையில் முகம் சாய்ந்திருப்பதாலும் அடி நடுவில் விழாததாலும் இதைவிடக் கொஞ்சம் குறையும்.

அந்த 0.83-ஐ நான் சும்மா எடுக்கவில்லை. பந்து ஒரு ரப்பர் உருண்டை. நசுங்கி விரியும்போது ஆற்றலின் ஒரு பகுதியை வெப்பமாக விழுங்கிவிடும். மட்டையின் முகம் மெல்லியதாக இருந்தால் பந்துக்குப் பதில் முகம் கொஞ்சம் குழிந்து கொடுக்கும், உலோகம் வாங்கியதை ஏறக்குறைய முழுசாகத் திருப்பித் தரும். டைட்டானியத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு முகத்தை மெலியச் செய்ய முடிந்ததும் பந்துகள் முன்பு போகாத தூரம் போகத் தொடங்கின. விதி வகுக்கும் இரு அமைப்புகளான அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ-வும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ-வும் விழித்துக்கொண்டன. 2004-ல் தலையின் பருமனுக்கு 460 கன சென்டிமீட்டர் என்று எல்லை வைத்தார்கள். மீள்தன்மை 0.83-க்கு மேல் போகக்கூடாது என்பது 2008 முதல் உலகம் முழுவதற்கும் பொது விதி. தலை எளிதில் திரும்பிவிடாமல் தடுக்கும் சுழல் நிலைமத்துக்கும் 5900 கிராம் சதுர சென்டிமீட்டர் என்று ஒரு கூரை உண்டு.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவருக்கு இது நல்ல சேதி. நடு முகத்தில் அடித்தால் 2010-ன் மட்டையும் இந்த ஆண்டின் மட்டையும் ஒரே கூரையில் தலை இடித்து நிற்பவை. முன்னேற்றம் நடந்திருப்பது தவறான அடியில். அதையும் கணக்கிட்டுவிடலாம். நடுவிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி அடித்தால் தலை திருகும். பந்துக்குப் பின்னால் 200 கிராம் முழுசாக நிற்காது. சுழல் நிலைமம் 2500 உள்ள பழைய சின்னத் தலையில் அங்கே உணரப்படும் எடை 133 கிராம்தான். பந்தின் வேகத்தில் எட்டு ஒன்பது சதவீதம் போய்விடும். 4500 உள்ள தலையில் இழப்பு ஐந்து சதவீதம். உச்சவரம்பான 5900-ல் நான்கு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. ஆக 2500-லிருந்து 4500-க்கு வந்தது பெரிய தாவல், அதற்குப் பின் வந்தது சின்ன அடி. நடுத்தர ஆட்டக்காரருக்கு அந்தக் கடைசி ஒரு சதவீதம் என்பது தவறி அடிக்கும்போது இரண்டு மூன்று மீட்டர். அதற்குத்தான் புது மாடலின் பணம் போகிறது. பணம் இருக்கிறவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். அவர்கள் கொடுப்பதால்தான் மற்றவர்களுக்குப் பழையது கிடைக்கிறது.

இனி உங்கள் வீச்சு. பெரிய நகரங்களில் ரேடார் கருவியின் முன் நிறுத்தி எல்லாவற்றையும் அளந்து தருவார்கள். பொங்கலூரில் இருப்பவருக்குச் செல்போன் போதும். கூடவே பின்னல் துணி, அதற்கா பஞ்சம்?

தடித்த பின்னல் துணியை இரண்டு மடிப்பாக, தளர்வாக, பின்னால் சுவர் இல்லாத இடத்தில் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் பந்து திரும்பி உங்கள் மேல் பாயும். தொளதொளவென்று விட்டால் பின்னல் நீண்டு கொடுத்து ஆற்றலைக் குடித்துவிடும். பந்துக்கும் துணிக்கும் இடையே சரியாக ஐந்து மீட்டர். பந்தின் பக்கத்தில் போனை வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டு அடியுங்கள். பதிவின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு முட்கள் தெரியும்: மட்டை அடித்தது ஒன்று, பந்து துணியில் விழுந்தது இன்னொன்று. இடையே 100 மில்லி விநாடி என்று வைப்போம். துணியின் சத்தம் போனுக்குத் திரும்பி வரவும் நேரம் எடுத்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் ஓடும். ஐந்து மீட்டருக்கு 14 மில்லி விநாடி. அதைக் கழித்தால் 86. ஐந்து மீட்டரை 86 மில்லி விநாடியில் கடந்த பந்தின் வேகம் விநாடிக்கு 58 மீட்டர், மணிக்கு 210 கிலோமீட்டர். அதை 1.45-ஆல் வகுத்தால் மட்டைத் தலையின் வேகம் மணிக்கு 145 கிலோமீட்டர் என்று வரும். போன் விநாடிக்கு 44,100 முறை ஒலியைக் குறித்துக்கொள்வதால் நேரத்தில் பிழை இல்லை. பிழை வந்தால் ஐந்து மீட்டரை அளந்த உங்கள் டேப்பில்தான். ஒரே அடியை நம்பாமல், பல அடிகளின் நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

முகத்தில் அடி எங்கே விழுகிறது என்பது இரண்டாவது அளவு. மட்டையின் முகத்தில் முகப் பவுடரை லேசாகத் தடவி அடித்தால் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். தையல் சாக்கட்டியும் இதே வேலையைச் செய்யும். வட்டங்கள் ஒரே இடத்தில் குவிகின்றனவா, முகமெங்கும் சிதறுகின்றனவா, நுனிப் பக்கமா, ஷாஃப்ட் பக்கமா என்று படமெடுத்து வையுங்கள். மட்டை பார்க்கப் போகும்போது இந்தப் படம் கையில் இருக்கட்டும்.

வேகம் தெரிந்தால் லாஃப்ட் தெரியும். லாஃப்ட் என்பது முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். எறிபொருள் 45 டிகிரியில் போனால்தான் அதிக தூரம் என்று பள்ளியில் படித்தோமே, டிரைவர் ஏன் 10 டிகிரியில் நிற்கிறது? அந்தப் பாடம் காற்றில்லாத உலகத்துக்கானது. சாய்ந்த முகம் பந்தை மேலே அனுப்புவதோடு பின்சுழற்சியும் கொடுக்கிறது. பின்னோக்கிச் சுழலும் பந்து தன்னைச் சுற்றிப் போகும் காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று பந்தை மேலே தாங்குகிறது. எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பீட்டர் கத்ரி டேட் 1890-களிலேயே இதை எழுதிவிட்டார். அவருடைய மகன் ஃபிரெடி டேட் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை இரண்டு முறை வென்ற ஆட்டக்காரர், ஆகவே ஆய்வுப் பொருளுக்கு வீட்டிலேயே குறைவில்லை. லாஃப்ட் கூடினால் சுழற்சி கூடும், சுழற்சிக்குப் போன ஆற்றல் முன்வேகத்தில் குறையும். குறைவாக இருந்தால் தாங்கும் விசை இல்லாமல் பந்து சீக்கிரம் விழும். இடையில் ஓர் உத்தம கோணம் இருக்கிறது, அது உங்கள் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாகப் போகும் பந்துக்குக் காற்றின் தாங்கல் குறைவு. ஆகவே மெதுவாக வீசுகிறவருக்கு அதிக லாஃப்ட் வேண்டும்.

இங்கேதான் ஆண்கள் ஏமாறுகிறார்கள். டிவியில் பார்க்கும் தொழில்முறை ஆண் ஆட்டக்காரரின் தலை மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அவர் 9 டிகிரி வைத்திருக்கிறார் என்று நம்மவரும் 9 டிகிரி தேடுகிறார். உலகின் முதல் தரப் பெண்கள் சுற்றான எல்பிஜிஏ-வின் சராசரியோ மணிக்கு சுமார் 150 கிலோமீட்டர், மேலே அளந்த 145-க்குப் பக்கம். அந்தப் பெண்கள் பந்தை 13 டிகிரிக் கோணத்தில், நிமிடத்துக்கு 2600 சுழற்சியில் கிளப்பி, 200 மீட்டர் பறக்க விடுகிறார்கள். பந்தைச் சற்றே மேல்நோக்கி அடிப்பது அதன் ரகசியம். பெங்களூரின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தவர். நீளமாக அடிப்பவர் என்று பெயர் எடுத்தவர் அல்ல. நடுத்தர வயது ஆண் ஒருவர் யாருடைய மட்டையைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன். 130 கிலோமீட்டருக்குக் கீழே வீசுகிறவர் 12 டிகிரிக்குக் குறையாமல் எடுக்கட்டும். 130-க்கும் 150-க்கும் இடையே 10.5 முதல் 12 வரை. அதற்கு மேல் போனால்தான் 9.5 பற்றி யோசிக்கலாம். கீழ்நோக்கி வெட்டுகிறவராக இருந்தால் இன்னும் ஒரு டிகிரி கூட்டிக்கொள்ளலாம். தலையில் அச்சிட்ட எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம், 9.5 என்று எழுதியதை அளந்தால் 10.5 இருப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம், ஆண்களின் வீம்புக்காகச் செய்யப்படும் ஏற்பாடு.

செட்டிபாளையத்தில் ஆடுகிறவர் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து பல்லடம், உடுமலை வட்டாரமெங்கும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் 46 கிராம் பந்து எம்மாத்திரம்? 210 கிலோமீட்டரில் கிளம்பும் பந்து 25 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் போனால் காற்றுக்கு அதன் வேகம் 235. இழுவை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப ஏறும். 25 சதவீதம் கூடிவிடும். தாங்கும் விசையும் சேர்ந்து கூடும். அதிகச் சுழற்சியோடு போன பந்து மேலே மேலே ஏறி, நின்று, நேராகக் கீழே விழுவது இதனால்தான். உள்ளெடை முகத்துக்கு அருகில் முன்பக்கம் வைக்கப்பட்ட தலைகள் சுழற்சியைக் குறைக்கும், ஆனால் தவறான அடியை மன்னிப்பது குறைவு. பின்னால் எடை வைத்தவை நேர்மாறு. பவுடர் வட்டங்கள் சிதறியவர் காற்றைப் பார்த்து முன்னெடைத் தலைக்குப் போகக்கூடாது. பின்னெடையே எடுத்து, காற்று நாட்களில் பந்தைத் தாங்கும் டீ முளையைக் கொஞ்சம் தாழ வைத்து மென்மையாக அடிக்கலாம். ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் மைதானத்துக்குப் போகும்போது கதை மாறும். 2200 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே பந்து நீளமாகப் போனதை வைத்து மட்டையைப் புகழ்கிறவர் நீலகிரியைத்தான் புகழ்கிறார்.

ஷாஃப்ட் பற்றி ஆட்டக்காரர்கள் பேசுவதில் பாதி மந்திரம். சாட்டை போல் வளைந்து பந்தைச் சுண்டுகிறது என்பார்கள். நடப்பது வேறு. வீச்சின் தொடக்கத்தில் தலை பின்தங்கி ஷாஃப்ட் பின்னோக்கி வளையும். பந்தை நெருங்கும்போது, தலையின் எடை மையம் ஷாஃப்ட்டின் நேர்கோட்டில் இல்லாமல் பின்னால் இருப்பதால், வெளிநோக்கி இழுக்கும் விசை அந்த மையத்தை நேர்கோட்டுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஷாஃப்ட் முன்னோக்கி வளையும். முகம் இரண்டொரு டிகிரி கூடுதலாகச் சாய்ந்து பந்தைச் சந்திக்கும். ஆகவே மெல்லிய ஷாஃப்ட் பந்தைக் கொஞ்சம் உயர்த்தும், விறைப்பானது தாழ்த்தும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கைக்குத் தெரியும் உணர்வு வேறு, அந்த உணர்வு உங்கள் வீச்சின் தாளத்தை மாற்றிவிடும். அடி நடுவில் விழுவதும் விழாததும் அதில் இருக்கிறது. மேலிருந்து கீழே வெடுக்கென்று இழுப்பவருக்கு அதே வேகத்தில் நிதானமாகத் திரும்புகிறவரைவிட விறைப்பான ஷாஃப்ட் வேண்டும்.

விறைப்பைக் குறிக்க ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்து போடுகிறார்கள். இந்த எழுத்துகளுக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் டீ-ஷர்ட் இன்னொரு கம்பெனியின் லார்ஜ் ஆக இருப்பதைத் திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பனியனில் 85, 90 என்று சென்டிமீட்டர் போட்டதால்தான் அந்தச் சண்டை அங்கே இல்லை. ஷாஃப்ட்டுக்கும் ஒரு சென்டிமீட்டர் இருக்கிறது, அதிர்வெண். பிடிப் பக்கத்தைப் பெஞ்ச் வைஸில் கவ்வவையுங்கள். தாடைக்கும் பிடிக்கும் நடுவே பனியன் வேஸ்ட் சுற்றினால் ரப்பர் நசுங்காது. தலையை லேசாக இழுத்துவிட்டால் மேலும் கீழும் ஆடும். போனின் ஸ்லோ மோஷனில் பத்து ஆட்டத்துக்கு எத்தனை நேரம் என்று பாருங்கள். 2.4 விநாடி என்றால் நிமிடத்துக்கு 250 ஆட்டம்; நடுத்தர விறைப்புள்ள டிரைவர்கள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கும். தனித்த எண்ணைவிட ஒப்பீடு நல்லது: நண்பரிடம் உங்கள் கைக்குப் பிடித்துப்போன ஒரு டிரைவர் இருந்தால் அதையும் அதே வைஸில், அதே ஆழத்தில் கவ்வவைத்து எண்ணி, வாங்கப்போவதோடு வைத்துப் பாருங்கள்.

மட்டையையே பார்க்கும் நேரம் வந்தால் சமையலறைத் தராசையும் காந்தத்தையும் எடுத்துப் போங்கள். கார்பன் ஷாஃப்ட் போட்ட டிரைவர் மொத்தம் 300 கிராமை ஒட்டி நிற்கும். டைட்டானியம் என்று சொல்லப்படும் முகத்தில் காந்தம் ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை, சந்தையில் மலிந்திருக்கும் போலி. ஒட்டவில்லை என்பதால் அசல் என்று ஆகிவிடாது, அலுமினியத்திலும் ஒட்டாது. வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து முகத்தில் மயிரிழை விரிசல் தேடுங்கள். தலையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பசைத் துணுக்கு உருளும் சத்தம் கேட்கலாம். அது அற்பம், திறந்து எடுத்துவிடலாம். ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே கீறல் இருந்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் வைத்துவிடுங்கள். கார்பன் இழைகள் அங்கே நீளவாக்கில் ஓடுகின்றன; குறுக்குக் கீறல் என்றால் அறுந்த இழை.

இன்னொரு விசித்திரம். முகம் உடையும் முன், அடிபட்டு அடிபட்டு இன்னும் அதிகமாகக் குழிந்து கொடுக்கத் தொடங்குவது உண்டு. 2019 ஓப்பன் போட்டியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஸாண்டர் ஷாஃபெலியின் டிரைவர், முகம் எவ்வளவு குழிகிறது என்று பார்க்கும் சோதனையில் எல்லையைத் தாண்டியதால் அவர் வேறொன்றை எடுக்க வேண்டியிருந்தது. சோதனை எளிது: ஊசல் போன்ற ஓர் எஃகுக் குண்டு முகத்தைத் தொட்டு மீளும் நேரத்துக்கு எல்லை 239 மைக்ரோ விநாடி, சலுகையாக இன்னும் 18. நண்பர்களோடு ஆடுகிறவருக்கு இது கவலையில்லை, கிளப் போட்டியில் கார்டு கொடுக்கிறவருக்குக் கவலை. 2008-க்கு முந்தைய மாடலையும், ஜப்பானில் விதியை மீறியே செய்து விற்கும் உயர் மீள்தன்மை மட்டைகளையும் ஆர் அண்ட் ஏ-யின் அனுமதிப் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டுத் தளத்திலிருந்து பழையதை நேரே தருவிக்கலாம் என்று தோன்றும். பயன்படுத்திய நுகர்பொருளை இறக்குமதி செய்ய இந்தியாவில் அரசு அனுமதி வேண்டும், சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

பிடி கெட்டிப்பட்டு வழுக்குகிறது என்பதற்காக நல்ல மட்டையை விட வேண்டாம். நம் வெயிலில் காரின் பின்பெட்டியில் கிடந்த எந்த ரப்பரும் அப்படித்தான் ஆகும். மாற்றுவது சின்ன வேலை. நீளம்தான் யோசிக்க வேண்டியது. கடை டிரைவர்கள் 45.5 அங்குலம், அதற்கு மேலும் வரும். நீளம் கூடினால் தலை வேகம் கூடும் என்பது உண்மை, விற்பதற்கும் வசதி. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் 45-க்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பவுடர் வட்டங்கள் சிதறியவருக்கு ஓர் அங்குலம் வெட்டுவது கைமேல் பலன். பிடியைக் கழற்றி, பிடிப் பக்கத்தில் வெட்ட வேண்டும், நுனியில் கை வைக்கக்கூடாது. வெட்டியபின் தலை கனமே இல்லாததுபோல் தோன்றும். 12 கிராம் ஈயப் பட்டையைத் தலையில் ஒட்டினால் பழைய கனம் திரும்பும். 212 கிராமான தலை, அதே வேகத்தில் வந்தால் பந்துக்கு ஒரு சதவீதம் அதிக வேகம் கொடுக்கும். நீளம் குறைந்ததால் தலை இழப்பதும் ஒன்று இரண்டு சதவீதம்தான். பட்டையை எங்கே ஒட்டுவது என்பதற்கு அந்தப் பவுடர் வட்டப் படத்தை எடுத்துப் பாருங்கள். வட்டங்கள் நுனிப் பக்கம் குவிந்திருந்தால் நுனியில், ஷாஃப்ட் பக்கம் குவிந்திருந்தால் ஷாஃப்ட் பக்கத்தில். எடை மையம் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ உங்கள் அடியை நோக்கி நகர்ந்து வரும்.